இரண்டு இடக்கைகள்

அந்தத் தொழிற்சாலையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த எலும்பைச் செய்கிறார்களோ அதுவே பெயர். மண்டையோட்டை ஒட்டுகிறவள் மண்டைக்காரி. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு சேர்க்கிறவர் விலா அண்ணன். அவர் உடம்பும் அப்படித்தான்; சட்டைக்கு மேலேயே பன்னிரண்டு ஜோடியையும் எண்ணிவிடலாம்.

"அச்சு பழுதானாக்கூட கவலை இல்லை. அண்ணனை ஒரு நாள் சட்டை இல்லாம உட்கார வச்சாப் போதும்" என்பாள் மண்டைக்காரி.

"உன் மண்டைக்கு அச்சே வேண்டாம். உள்ளே ஒண்ணும் இல்லையே, பலூன் மாதிரி ஊதினாலே வந்துடும்" என்று அவர் திருப்பிக் கொடுப்பார்.

எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்துப் பூட்டுகிறவர் ஆணி மாமா. எப்போதும் வாயில் நான்கு திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். பேசும்போதும் எடுக்கமாட்டார். அவர் சிரித்தால் எல்லோரும் பயந்துபோய்ப் பார்ப்பார்கள், எங்கே ஒன்றை விழுங்கிவிட்டாரோ என்று.

இவர்களுக்கு நடுவே, ஜன்னலோர மேசையில், குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பவள்தான் கைக்காரக்கா.

பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் போகிற பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் அங்கே தயாராகின்றன. கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரங்கள் எலும்புகளைச் சூடாகத் துப்பும். மாடியில் அவற்றின் பிசிறு நீக்கி, கோத்து, பூட்டி, மேசை மேசையாக நகர்த்துவார்கள். கடைசி மேசையைத் தாண்டும்போது இருநூற்றாறு எலும்புகளும் சேர்ந்து ஓர் ஆளாகக் கம்பியில் தொங்கும்.

அந்த இருநூற்றாறில் ஐம்பத்து நான்கு, அதாவது கால் பங்குக்கும் மேல், இரண்டு கைகளில் மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்குள் அடங்கிவிடுகின்றன. கையொன்றுக்கு இருபத்தேழு. விரல்களில் பதினான்கு, மற்ற விரல்களுக்கு மும்மூன்று, கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு. உள்ளங்கையில் ஐந்து. மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி எட்டு. அந்த எட்டையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வாள். இது படகு, இது பிறை, இது பட்டாணி, இது கொக்கி. மெல்லிய எஃகுக் கம்பியை ஒவ்வொன்றின் துளையிலும் விட்டு, குறடால் பிடித்து மூன்று சுற்று முறுக்கி, நுனியை உள்ளே மடித்துவிடுவாள். நாற்பது நிமிஷத்தில் ஒரு கை. அவள் கோத்த கையின் விரலை மடக்கினால் உயிருள்ள கைபோல மடங்கும்.

அவளுக்கு ஒரு முறை உண்டு. காலையில் இடக்கை மட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு வலக்கை மட்டும். இரண்டையும் கலந்து செய்தால் என்றாவது கை தவறும் என்று முதல் நாளே தானாக வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது. ஒவ்வோர் எலும்புக்கூட்டுக்கும் ஒரு தட்டு, தட்டில் இரண்டு பள்ளம். காலையில் இடப்பக்கப் பள்ளங்கள் நிறையும், மாலைக்குள் வலப்பக்கமும் நிறையும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கை மாறியதில்லை. அதனால் கைமேசையிலிருந்து வரும் தட்டை ஆணி மாமா திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவளுக்கு ஒரே மகள். குட்டி என்றுதான் வீட்டில் கூப்பிடுவாள். கணவன் மகள் பிறந்த இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் தாயும் மகளும்தான். குட்டிக்கு நான்கு வயதிருக்கும்போது ஒரு நாள் குளிப்பாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீ பிறந்தப்போ உன் உடம்புல முந்நூறு எலும்பு இருந்துச்சு தெரியுமா? பெரியவளாகும்போது இருநூத்தி ஆறுதான் இருக்கும்."

"மீதியைத் தொலைச்சிடுவேனா?"

"தொலையாதுடி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் சேர்ந்துக்கும்."

"நம்ம ரெண்டு பேர் மாதிரியா?"

தண்ணீர்ச் செம்பு கையில் இருக்க, அந்த ஈர உடம்பை அப்படியே அணைத்துக்கொண்டாள் அவள்.

குட்டி இடதுகைப் பழக்கக்காரி. சாப்பிட மட்டும் வலதுகை. அதுவும் அம்மாவின் அதட்டலுக்குப் பயந்து. எழுதுவது, எறிவது, தலை வாருவது எல்லாம் இடதுதான். எட்டு வயதுக்குள் மணிக்கட்டு எலும்புகள் எட்டும் மனப்பாடம். பத்தாம் வகுப்பில், "அம்மா செய்யற எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல நின்னு பாடம் எடுப்பேன், நான் டீச்சராகப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் முழங்காலில் வலி வந்தது.

ஓட்டப் பந்தயத்தில் சுளுக்கியிருக்கும் என்றார்கள். தைலம் தேய்த்தார்கள். வீக்கம் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகினார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே கைக்காரக்காவுக்குப் புரிந்துவிட்டது. தொடை எலும்பு, உடம்பிலேயே நீளமானது, பலமானது. பக்கத்து மேசையில் ஆயிரக்கணக்கில் அவள் கண்முன் நகர்ந்து போயிருக்கிறது. அதன் கீழ்முனை எப்படி வழவழப்பாக இரண்டு குமிழாகப் பிரியும் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் படத்தில் அந்த முனை அரித்துக் கிடந்தது.

அதற்குச் சற்று மேலே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று எலும்பின் குறுக்கே ஓடியது.

"இதுவும் நோயா டாக்டர்?"

"இல்லம்மா. அது வளர்ற கோடு. இன்னும் ஒட்டிச் சேரல. பொண்ணு இன்னும் வளர்ந்துட்டிருக்கா, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தையில்தான் அவள் உடைந்து போனாள்.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. குட்டி எலும்பும் தோலுமாகிக் கட்டிலோடு கிடந்தாள். பள்ளிக்கூடம் நின்றது. மேலாளர் நல்ல மனிதர். கைக்காரக்கா பாதி நாள் வேலையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று வாசல் காவலரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு அவள் கைகளைக் கோத்தாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் கேட்டாள். "ஒரே ஒரு கை நான் செய்யட்டுமா?"

"உன் கையே நடுங்குது. உனக்கு எதுக்கு?"

"நடுங்கினா என்ன, நான் என்ன அவசரத்துல இருக்கேனா? பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

ஒன்பது நாள் ஆனது அந்த ஒரு கைக்கு. ஒரு நாளைக்கு மூன்று எலும்பு. ஜன்னல் வெளிச்சம் இருக்கும்வரை செய்வாள். களைத்தால் குறடை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவாள். முடிந்ததும் கைக்காரக்கா வாங்கிப் பார்த்தாள். இடக்கை. இருபத்தேழும் சரி. ஆனால் கம்பி முறுக்கு எல்லாமே எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. இடதுகையால் முறுக்கினால் அப்படித்தானே வரும்.

"என்னடி இது, எல்லாம் தலைகீழா முறுக்கியிருக்க. பார்க்கிறவங்க என்னைத்தான் கேட்பாங்க."

"உன் தட்டை யாரும் பார்க்கமாட்டாங்கன்னு நீதானே பெருமையடிச்ச? இதை ஒரு எலும்புக்கூட்டுல சேர்த்துடும்மா. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். நான்தான் போக முடியல."

தாய் அந்தக் கையைத் துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை குட்டி என்றைக்கும் இல்லாத தெளிவோடு இருந்தாள். தானே எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடித்தாள். "நீ வேலைக்குப் போ. என் கையைக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வா" என்று விரட்டினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு அவள் புறப்பட்டாள். மகளின் கையை ஒரு தட்டின் இடப்பக்கப் பள்ளத்தில் வைத்தாள். பிறகு வழக்கம்போல் இடக்கைகளைக் கோக்கத் தொடங்கினாள்.

பன்னிரண்டரைக்குத் தொலைபேசி வந்தது. "உடனே வா" என்று மட்டும்தான் தையல்காரம்மா சொன்னாள். அப்போதுதான் கோத்து முடித்திருந்த இடக்கை அவள் விரல்களிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாமல், கண்ணில் பட்ட காலிப் பள்ளத்தில் போட்டுவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் குட்டிக்கு நினைவு வந்து வந்து போயிற்று. ஒரு முறை கண் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

"சேர்த்துட்டியா?"

"சேர்த்துட்டேன்டா தங்கம்."

நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. பதினாறு வயது. அந்தக் கறுப்புக் கோடு கடைசிவரை ஒட்டிச் சேரவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தபோது அவள் நேராகப் போனது கிடங்குக்கு. அந்த வாரத்துப் பெட்டிகள் எல்லாம் போய்விட்டன. எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று சொல்ல யாராலும் முடியவில்லை. "எதுக்கு அக்கா கேட்கறீங்க?" என்றார்கள். "சும்மா" என்றாள்.

மகளின் துணி இருந்தது, புத்தகம் இருந்தது, சீப்பு இருந்தது. ஆனால் அவள் தன் கையால் முழுசாகச் செய்து முடித்தது உலகத்திலேயே அந்த ஒன்றுதான். அதைத் தானே கொண்டுபோய் யாரோ ஊர் பேர் தெரியாதவருக்குக் கொடுத்துவிட்டோமே என்ற எண்ணம் அவளை அரித்தது. பாவி, ஒரு நாள் தாமதித்திருந்தால் அது வீட்டிலேயே இருந்திருக்குமே. பழுது பார்க்க வரும் ஒவ்வோர் எலும்புக்கூட்டின் இடக்கையையும் முதலில் தொட்டு முறுக்கைப் பார்ப்பாள். எல்லாம் அவளுடைய முறுக்காகவே இருக்கும். ஏன் அப்படித் தொட்டுப் பார்க்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. பதினான்கு மாதம் அப்படிப் போயிற்று.

அன்று காலை பதினொரு மணிக்கு மேலாளர் ஒரு நீளப் பெட்டியோடு மாடிக்கு வந்தார். முகம் சரியில்லை. பெட்டியைத் திறந்து எலும்புக்கூட்டைக் கம்பியில் மாட்டினார்.

"எல்லாரும் கொஞ்சம் வாங்க. இவருக்கு என்ன குறைன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

மண்டைக்காரி சுற்றி வந்து பார்த்தாள். "மண்டை அம்சமா இருக்கு. என் வேலை."

"கையைப் பாரு."

இரண்டு கட்டைவிரல்களும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மேலாளர் ஒரு கடிதத்தைப் படித்தார். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியை எழுதியது.

"எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தினமும் காலையில் இந்த எலும்புக்கூட்டுக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒரு நாள், 'ஏன் எப்போதும் இடதுகை?' என்று கேட்டேன். 'டீச்சர், வலது கையைக் குலுக்கினால் கட்டைவிரல் கீழே போகிறது' என்றாள். பார்த்தால் இரண்டுமே இடக்கை. ஒரு வருஷமாகக் கவனிக்காததற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிள்ளைகள் இப்போது எல்லோரும் இடதுகையைத்தான் குலுக்குகிறார்கள். அந்தக் கை விரல்கள் நிஜக் கைபோல மடங்குகின்றன. தேர்வுக்கு முன் சரிசெய்து அனுப்பினால் நல்லது. காலி மூலையைப் பார்த்துப் பிள்ளைகள் எங்கே போனார் என்று கேட்கிறார்கள்."

ஆணி மாமா வாயிலிருந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"பூட்டினது நான்தான் சார். என் கண்ணு இப்பல்லாம் சரியில்லை. என் பேர்ல எழுதிக்கோங்க."

"தட்டுல வச்சது நான்" என்றாள் கைக்காரக்கா. "மாமா மேல ஒண்ணும் இல்லை."

"நீ சும்மா இரும்மா" என்றார் ஆணி மாமா.

"மண்டைக்குள்ள சீட்டு இருக்கும். தேதியைப் பாருங்க சார்" என்றாள் அவள்.

ஒவ்வோர் எலும்புக்கூட்டின் மண்டையோட்டுக்குள்ளும் ஒரு சிறு சீட்டு உண்டு. எந்தெந்த மேசை, யார் கையெழுத்து, என்ன தேதி என்று. மேலாளர் மண்டையின் மூடியைத் திறந்து சீட்டை எடுத்தார். தேதியைப் படித்தவர் அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தத் தேதியை அங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் எல்லோரும் அவள் வீட்டில்தான் இருந்தார்கள்.

"சரி விடுங்க. நடந்தது நடந்துபோச்சு" என்றார் தணிந்த குரலில். "ரெண்டு கையையும் கழட்டிட்டுப் புது ஜோடி மாட்டிடுங்க. பழசுக்கும் புதுசுக்கும் நிறம் ஒத்துவராது. கழட்டினதை அரவைக்குப் போட்டுடுங்க. மூணு மணிக்கு அரவை ஓடும். பெட்டி அஞ்சு மணி லாரிக்குப் போகணும்."

திரும்பி வந்த பிளாஸ்டிக் எல்லாம் அரவை இயந்திரத்தில் பொடியாகி மறுபடியும் அச்சுக்குப் போகும். அது அங்கத்திய சட்டம். ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டக்கூடாது. முன்பு ஒருவன் விளையாட்டாக ஒரு தாடை எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு போய் வேலையை இழந்திருக்கிறான்.

அவள் எலும்புக்கூட்டின் இடக்கையைத் தன் கையில் எடுத்தாள். விரல் நுனியால் முறுக்கைத் தடவினாள். படகு, பிறை, பட்டாணி, கொக்கி. ஒவ்வொன்றிலும் கம்பி எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது.

அவள் அழவில்லை. அந்தக் கையை விடவும் இல்லை. மண்டைக்காரி அருகில் வந்தாள்.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

பதினான்கு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவள் அப்போது சொன்னாள். ஒன்பது நாள் கதையை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். விலா அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். மேலாளர் பழைய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்தக் கையைப் பையில வச்சுக்கோங்க அக்கா" என்றார். "வாசல்ல நான் சொல்லிக்கறேன். அரவைக்கு ஒரு கை குறைஞ்சா கணக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது."

ஆணி மாமா மணிக்கட்டுத் திருகை மெல்லக் கழற்றி, கையை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். மேசையில் உட்கார்ந்து புது வலக்கை கோக்க ஆரம்பித்தாள்.

கை வேலை செய்தது. மனம் பையிலேயே இருந்தது. வீட்டில் எங்கே வைக்கலாம்? அலமாரியில், குட்டியின் புத்தகங்களுக்குப் பக்கத்தில். தினமும் எடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். இனி யாரும் பிரிக்க முடியாது. இத்தனை மாதம் கழித்துக் கடவுளாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

மேசையில் அந்தக் கடிதம் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க மேலாளர் அதன்மேல் குறடை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் பார்வை அதன் ஒரு வரியில் விழுந்தது. பிள்ளைகள் இப்போது எல்லோரும் இடதுகையைத்தான் குலுக்குகிறார்கள்.

பதினான்கு மாதம் தன் மகள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறாள். ஒரு நாள் தவறாமல் யாரோ ஒரு சின்னப் பெண் வந்து அவள் கையைப் பிடித்திருக்கிறாள். தானோ அந்த நேரமெல்லாம் காலி வீட்டில் அழுதுகொண்டு இருந்திருக்கிறாள். இப்போது அந்தக் கையைக் கொண்டுபோய் அதே காலி வீட்டில், மூடிய அலமாரிக்குள் வைக்கப் போகிறாள். மறுபடியும் கட்டிலோடு கிடத்துவதுபோல.

சேர்த்துட்டியா என்று கேட்டாளே. சேர்த்துட்டேன் என்று தானும் சொன்னாளே. அதுதான் அவர்கள் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு. அதைப் பொய்யாக்கவா?

இரண்டரை மணிக்கு அவள் பையிலிருந்து துண்டைப் பிரித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். சுண்டுவிரலின் நுனி எலும்பு மட்டும் ஆடியது. எத்தனை பிள்ளைகள் குலுக்கியதோ, கம்பி தளர்ந்திருந்தது. இறுக்கவேண்டும். வலதுகையில் குறடை எடுத்தாள். பழக்கதோஷத்தில் அது தன் பக்கமே திரும்பப் பார்த்தது. அப்படித் திருப்பினால் மகள் போட்ட முறுக்கு அவிழ்ந்துவிடும்.

குறடை இடதுகைக்கு மாற்றினாள். பத்தொன்பது வருஷம் கைமேசையில் இருந்தவளுக்கு அந்த ஒரு சுற்று வரவில்லை. குறடு நழுவியது. மறுபடி பிடித்தாள். விரல் நடுங்கியது. இந்த நடுக்கத்தோடுதானே அந்தப் பிள்ளை ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தபோது கண்ணீர் விரல்மேலேயே விழுந்தது. துடைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மகள் திருப்பிய பக்கமே ஒரு சுற்று, இன்னொரு சுற்று திருப்பி, நுனியை உள்ளே மடித்தாள். விரல் ஆடுவது நின்றது.

"மாமா, இதையே பூட்டிடுங்க."

ஆணி மாமா அவளைப் பார்த்தார். "நல்லா யோசிச்சியாம்மா? லாரி ஏறிட்டா அப்புறம் திரும்பாது."

"யோசிச்சாச்சு."

"நிறம் ஒத்துவராதுன்னு சொன்னாரே."

"சின்னப் பிள்ளைங்க பிடிச்சுப் பிடிச்சுக் கொஞ்சம் பழுத்துப்போச்சு. வலக்கையும் ஒரு வருஷத்துல பழுத்துடும். இனிமே ரெண்டையும் குலுக்குவாங்க இல்ல."

அவர் இடப்பக்கத்தில் பழைய கையையும் வலப்பக்கத்தில் புதுக் கையையும் பூட்டினார். அரவைக்குப் போனது ஒரே ஒரு கைதான். அன்று தொலைபேசி வந்தபோது அவள் விரல்களில் தொங்கிக்கொண்டிருந்த, அவளே கோத்த கை.

மண்டைக்காரி புதுச் சீட்டு ஒன்றை நீட்டினாள். வலக்கை என்ற இடத்தில் கைக்காரக்கா தன் கையெழுத்தைப் போட்டாள். இடக்கை என்ற இடத்தில் சற்றுத் தயங்கிவிட்டு, "குட்டி" என்று எழுதினாள். மண்டைக்காரி அதைப் படித்து, மடித்து, மண்டையோட்டுக்குள் வைத்து மூடினாள். அன்று முழுக்க அவள் யாரையும் கேலி செய்யவில்லை.

பெட்டியில் படுக்க வைத்தபோது கைக்காரக்கா குனிந்து, தன் இடதுகையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலோடு கட்டைவிரல் பொருந்தியது. லாரிக்காரர் கீழிருந்து ஹாரன் அடித்தார்.

"தினமும் காலையில ஒரு பொண்ணு வருவா" என்றாள் மெதுவாக. "கையைக் கொடு."

பிறகு விட்டுவிட்டாள். விலா அண்ணனும் ஆணி மாமாவும் பெட்டியின் இரண்டு பக்கமும் பிடித்துப் படியிறங்கினார்கள். ஐந்தரைக்கு வாசல் காவலர் வழக்கம்போல் அவள் பையைத் திறந்து பார்த்தார். காலிச் சாப்பாட்டு டப்பாவும் மடித்த துண்டும்தான் இருந்தன.